பதினொன்றிலிருந்து இருபது வரை

செல்லூர், மதுரை
4.6.2025, புதன்

அன்புள்ள செல்வி அக்காவுக்கு,

ஸ்ரீலட்சுமி எழுதுகிறேன். கோடை விடுமுறையில் எங்கள் பள்ளியிலிருந்து பல்கலைக்கழகத்தில் உங்கள் லேபுக்கு வந்த மூன்று பேரில் கண்ணாடி போட்டவள். மறந்திருக்க மாட்டீர்கள் என்று தெரியும், இருந்தாலும் எழுதிவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? நாகமலைப் பக்கமாவது காற்று வருகிறதா? எங்கள் சந்தில் தறிச் சத்தமும் புழுக்கமும்தான். பிளஸ் டூ தொடங்கிவிட்டது. பள்ளி திறந்த அன்றே கணக்கு டீச்சர் முதல் பாடத்தைப் பாதி நடத்திவிட்டார்.

எல்லோரும் தூங்கிய பிறகு அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் இருக்கும் ஒரே போன் அப்பாவுடையது, அதை எல்லோரும் பார்ப்பார்கள். அதனால்தான் கடிதம். பதில் போட்டால் கீழே எழுதியிருக்கும் பாண்டிமீனா வீட்டு முகவரிக்குப் போடுங்கள். என்னுடன் லேபுக்கு வந்தாளே, அவள்தான். எதற்கு இவ்வளவு ரகசியம் என்று நினைக்காதீர்கள். என் அக்கா அஸ்வினிக்கு வரன் பார்க்கிறார்கள், வீட்டில் எதற்கெடுத்தாலும் பயம். அம்மாவுக்கு வேறு கர்ப்பப்பை ஆபரேஷன் ஆகி உடம்பு முடியவில்லை.

எனக்கு இரண்டு சந்தேகம். கடைசி நாள் நான் நம்பர் எழுதி அடுக்கிய இருபது குப்பி மருந்தும் எலிகளுக்குக் கொடுத்து முடித்துவிட்டீர்களா? கட்டி சுருங்கியதா? இன்னொன்று, அதே மருந்தை மனிதர்களுக்குக் கொடுத்தால் எத்தனை நாளில் குணம் தெரியும்? பயாலஜி டீச்சர் கேட்டார், எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

உங்கள் பதிலைப் பார்த்துக்கொண்டிருக்கும்,
ஸ்ரீலட்சுமி


நாகமலை புதுக்கோட்டை
10.6.2025

அன்புத் தங்கச்சி ஸ்ரீலட்சுமிக்கு,

கடிதம் வந்தது. இன்லண்டு லெட்டரைப் பார்த்ததும் லேபில் எல்லோரும் கூடிவிட்டார்கள், யாரோ எனக்குக் காதல் கடிதம் போட்டிருப்பதாக. 'அன்புள்ள அக்கா' என்ற முதல் வரியைக் காட்டிய பிறகுதான் கலைந்து போனார்கள்.

உன்னை எப்படி மறப்பேன்? மூன்றாவது முறை காய்ச்சிய மருந்து சரியாக வரவில்லை என்று மெஷின் காட்டுவதற்கு முன்னாலேயே சொன்னவள் நீ. "இது ஒரு பொட்டு வெளுத்திருக்குக்கா" என்றாய். சாயப் பட்டறைக்காரர் வீட்டுக் கண் என்று நான் இன்னமும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

டீச்சருக்கு இப்படிச் சொல். மஞ்சளில் இருக்கும் குர்குமின் புற்றுநோய்க்கு எதிராக வேலை செய்கிறது என்பது சோதனைக்கூடத்தில் தெரிந்ததுதான். ஆனால் அது தண்ணீரில் கரையாது. வயிற்றுக்குள் போனால் உடம்பு அதை அப்படியே வெளியே தள்ளிவிடும். அதனால் கண்ணுக்குத் தெரியாத துகளுக்குள் அதைப் பொதிந்து, மேலே நண்டு ஓட்டிலிருந்து எடுத்த பொருளால் ஒரு சட்டை போட்டு அனுப்புகிறோம். உங்கள் தெரு வழக்கில் சொன்னால், உடம்பின் நல்ல ரத்தக்குழாய் நெருக்கி நெய்த துணி. கட்டி அவசரத்தில் வளர்கிறது, அதன் குழாய் இழை விட்டுப்போன துணி. நம் துகள் அந்த இடைவெளியில் நுழைந்து கட்டிக்குள் தங்கும். இதெல்லாம் எலியில்தான். மனிதருக்கு என்ன ஆகும் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது.

இனி உன் முதல் கேள்வி. முதல் பத்து நாள் கட்டி சுருங்கியது. அளந்து பார்த்துவிட்டுப் பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டு போனேன். பதினோராம் நாளிலிருந்து கட்டி திரும்ப வளர்ந்தது. மருந்து குடித்த பத்து எலியில் நான்கு செத்துப்போயின. வெறும் தண்ணீர் குடித்த எலிகளில் ஒன்றுகூடச் சாகவில்லை. பக்கத்து லேப் சூர்யபிரகாஷ், "என்ன செல்வி, எலி பாஷாணம் கண்டுபிடிச்சிட்டியாமே" என்றான். நானும் சேர்ந்து சிரித்தேன், பிறகு பாத்ரூமுக்குப் போய் முகம் கழுவினேன்.

ஊரில் எங்கம்மா மலையம்மாள், "எலிக்குப் பாலடையில ஊட்டவா இம்புட்டுப் படிச்ச?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும். இப்போது எலியும் இல்லை என்று எப்படிச் சொல்வது?

ஜூலை 16 ஆய்வுக் குழு கூடுகிறது. அதற்குள் காரணம் கண்டுபிடிக்க வேண்டும். நீ இதையெல்லாம் யோசிக்காமல் படி.

செல்வி அக்கா


செல்லூர்
15.6.2025, ஞாயிறு

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். எலிகளுக்கு வேறு ஏதாவது காய்ச்சல் வந்திருக்கலாம் இல்லையா? ஃபிரிட்ஜ் நின்றுபோயிருக்கலாம். குழுவிடம் அப்படிச் சொல்லக் கூடாதா? விஷம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

இன்னொரு சந்தேகம், கோபித்துக்கொள்ளாதீர்கள். எங்கள் பக்கத்து வீட்டில் அன்னக்கொடி அக்கா என்று ஒருவர் இருக்கிறார். அவருக்குப் புற்றுநோய்க்கு ஊசி போடுகிறார்கள். இப்போது ரத்தம் சோதித்ததில் ஈரல் சரியில்லை என்று இரண்டு ஊசியைத் தள்ளிவைத்துவிட்டார்கள். அவர் மஞ்சள் நிறைய சாப்பிட்டாராம். உங்கள் மருந்து மாதிரி ஒன்றை யாராவது தெரியாமல் குடித்துவிட்டால் அப்படி ஆகுமா? எலி செத்த மாதிரி ஆகிவிடுமா?

சீக்கிரம் எழுதுங்கள் அக்கா. பாண்டிமீனா வீட்டில் தினமும் கேட்கிறேன், அவள் அம்மாவே ஒரு மாதிரி பார்க்கிறார்.

ஸ்ரீலட்சுமி


நாகமலை புதுக்கோட்டை
20.6.2025

அன்பு ஸ்ரீலட்சுமிக்கு,

முதலில் அன்னக்கொடி அக்கா விஷயம். ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் மஞ்சளோ லேகியமோ எதைச் சாப்பிட்டாலும் டாக்டரிடம் ஒளிக்கக் கூடாது. சமையலில் சேரும் மஞ்சள் பற்றிப் பயமில்லை, மாத்திரையாக, மருந்தாக எடுத்தால் சிலருக்கு ஈரலைத் தாக்குவதுண்டு. அவரிடம் கட்டாயம் சொல்லச் சொல். திட்டினால் திட்டட்டும்.

நம் மருந்தை யாரும் குடிக்கப் போவதில்லை. குடித்தாலும், ஒரு குப்பி என்பது பத்து எலிக்கு ஒரு நாள் அளவு. எல்லாம் சுண்டெலி, பத்தும் சேர்ந்து கால் கிலோ. அன்னக்கொடி அக்கா ஐம்பது கிலோ இருந்தால் ஒரு நாளைக்கு இருநூறு குப்பி வேண்டும். ஒரு குப்பி குடித்தால் கட்டிக்குத் தெரியவே தெரியாது. எலிக்கு அளந்தது அது.

காரணம் தேடித் தேடிக் களைத்துவிட்டேன். கரண்ட் போகவில்லை, ஃபிரிட்ஜ் நிற்கவில்லை. காலிக் குப்பிகளை அன்றன்றே எரித்துவிட்டோம், சோதிக்க ஒரு சொட்டுக்கூட மிச்சமில்லை. என் கைடு விஜய்ஆனந்த் சார் கோபப்படவே இல்லை, அதுதான் கஷ்டமாக இருக்கிறது. "உள்ளதை உள்ளபடி எழுதிரும்மா. நீ செஞ்ச துகள் நஞ்சுன்னா நஞ்சுதான். பொய் எழுதுனா நாளைக்கு ஒரு உயிரு போகும்" என்றார். அப்படியே எழுதிக்கொண்டிருக்கிறேன். நான்கு வருஷம். எங்கள் ஊரில் டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிற முதல் ஆள் நான் என்று கோயில் திருவிழாவில் மைக்கில் சொன்னார்கள்.

நீயாவது நன்றாகப் படி. உன்னைப் போல் ஒருத்தி லேபுக்கு வந்தாள் என்பதுதான் இந்த வருஷம் எனக்கு நடந்த ஒரே நல்லது.

செல்வி அக்கா


செல்லூர்
25.6.2025, இரவு ஒன்றரை மணி

அக்கா,

'அன்புள்ள' என்று எழுதி அடித்துவிட்டேன். என் கையால் எழுதிய அந்தச் சொல் உங்களுக்கு இனி வேண்டியிருக்காது.

உங்கள் மருந்து விஷம் இல்லை. எலிகள் குடித்தது உங்கள் மருந்தே இல்லை. பதினொன்றிலிருந்து இருபது வரை நம்பர் போட்ட குப்பிகளில் இருந்தது சாயத் தண்ணீர். ஊற்றியது நான்.

பக்கத்து வீட்டில் அன்னக்கொடி அக்கா என்று யாரும் இல்லை. அது என் அம்மா. கர்ப்பப்பை ஆபரேஷனும் பொய். அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய். தை மாதம் தெரிந்தது. அஸ்வினியைப் பரமக்குடியிலிருந்து கேட்டு வந்திருக்கிறார்கள். தாய்க்கு இருந்தால் மகளுக்கும் வரும் என்று விலகிவிடுவார்கள் என அப்பாவுக்குப் பயம். அதனால் அந்த நோயின் பெயரை வீட்டில் யாரும் சொல்வதில்லை. நாங்கள் வீட்டில் பேசுகிற சௌராஷ்டிரத்திலும் சொல்வதில்லை, தமிழிலும் சொல்வதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போனால் 'டவுனுக்குப் போறோம்' என்போம். அம்மா விக் வைத்து, அதில் பூவும் வைத்துக்கொண்டு டவுனுக்குப் போவார். திரும்பி வந்து பூவைக் கழற்றுவதற்குள் வாந்தி எடுப்பார்.

ஏப்ரலில் நீங்கள் எங்களுக்கு அந்தப் படத்தைக் காட்டினீர்களே, முந்தைய சோதனையில் மருந்து குடித்த எலியின் கட்டி சுருங்கியதை. அன்றைக்கே உங்களிடம் கேட்டிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. கேட்டால் யாருக்கு என்பீர்கள். பாண்டிமீனா பக்கத்தில் நின்றாள். தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

கடைசி நாள் நீங்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போனபோது குப்பிகளை அடுக்கிவிட்டு வருகிறேன் என்று நான் மட்டும் இருந்தேன். அதற்கு முந்தின நாளே வீட்டில் எல்லாம் தயார் செய்துவிட்டேன். அப்பாவின் பட்டறையிலிருந்து மஞ்சள் சாயம் ஒரு கிள்ளு எடுத்தேன். மஞ்சள்தூளைக் கரைத்தால் அடியில் தங்கிவிடும், நீங்கள் கண்டுபிடித்துவிடுவீர்கள். லேபில் கை துடைத்த பஞ்சில் உங்கள் மருந்தின் நிறம் இருந்தது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாயத்தைச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீரில் விட்டுப் பார்த்தேன். ஏழாவது தடவை சரியாக வந்தது. எனக்கே வித்தியாசம் தெரியவில்லை. அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது அக்கா. செய்த எல்லாவற்றிலும் அதை நினைத்தால்தான் உடம்பு கூசுகிறது.

ஒரு இருமல் மருந்து பாட்டிலில் சாயத் தண்ணீரைக் கொண்டுவந்தேன். இன்னொரு பாட்டிலில் உங்கள் மருந்தைக் கொண்டுபோனேன். பின் வரிசையில் இருந்த பத்தை மட்டும் மாற்றினேன். எலிகளுக்குப் பத்து, அம்மாவுக்குப் பத்து, சரியான பங்கு என்று நினைத்தேன். எலிகளுக்குப் பத்து நாள் மருந்து நிற்கும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். சாகும் என்று நினைக்கவில்லை. அப்பா அந்தச் சாயத்தைக் கையுறை போட்டுத்தான் தொடுவார். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் யோசிக்கவில்லை.

பத்து நாள் அம்மாவின் ராத்திரிப் பாலில் கலந்து கொடுத்தேன். மஞ்சள் பால் என்றேன். "எம் பொண்ணு குடுத்தா உள்ள தங்குது" என்று அம்மா அஸ்வினியிடம் சொன்னார். அம்மா நண்டு தொட மாட்டார். நண்டு ஓட்டுச் சட்டை போட்டது என்று தெரிந்தே கொடுத்தேன்.

பிறகு ஈரல் ரிப்போர்ட் வந்தது. நானும் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். டாக்டர், "நாட்டு மருந்து என்னம்மா சாப்பிட்ட? பொய் சொல்லாத, ரத்தம் காட்டிக்குடுத்துரும்" என்றார். அம்மா என் தலையில் கை வைத்து, "இந்தப் பிள்ளை மேல சத்தியமா ஊசியத் தவிர எதுவும் உள்ள போகல டாக்டர்" என்றார். அந்தக் கைக்குக் கீழே நான் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து அப்பா மூன்று நாள் அம்மாவுடன் பேசவில்லை, யாரிடமோ லேகியம் வாங்கித் தின்றுவிட்டு மறைக்கிறாள் என்று.

அதற்குப் பிறகுதான் உங்கள் கடிதம் வந்தது. இருநூறு குப்பி. அம்மாவுக்கு ஒரு நாள் மருந்துகூடக் கிடைக்கவில்லை. நான்கு எலி செத்தது, உங்கள் நான்கு வருஷம் போனது, எல்லாம் பத்து ஸ்பூன் மஞ்சள் தண்ணீருக்கு.

பதினாறாம் தேதி குழுவிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள். போலீசுக்குப் போக வேண்டும் என்றால் போங்கள். அம்மாவிடம் நான் எப்படிச் சொல்வது என்று மட்டும் சொல்லுங்கள். வேறு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

ஸ்ரீலட்சுமி


நாகமலை புதுக்கோட்டை
28.6.2025

ஸ்ரீலட்சுமிக்கு,

இது கைக்குக் கிடைத்த அன்றே உன் அம்மாவிடம் சொல்ல வேண்டும். எப்படிச் சொல்வது என்று கேட்டிருக்கிறாய். எனக்கு எழுதிய மாதிரியே சொல்.

இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். மருந்தில் என்னென்ன, எவ்வளவு என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. கீழே என் பெயரும் போன் நம்பரும் இருக்கின்றன. அம்மாவுடன் போய் அதை டாக்டர் கையில் கொடு. நீ கொடுத்த அளவு மிகச் சிறியது. அதனால் ஈரல் கெட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் தோன்றுவதை வைத்து நான் எதுவும் சொல்லக் கூடாது, டாக்டர்தான் சொல்ல வேண்டும். சாயத் தண்ணீர் ஊற்றிய பாட்டிலில் மருந்தை ஊற்றினாயா, இரண்டும் வேறு வேறு பாட்டில்தானா என்பதையும் அவர் கேட்பார். உண்மையைச் சொல்.

அந்தச் சாயத்தில் ஒரு பொட்டலம் எனக்கு வேண்டும், சோதிக்க. உன் அப்பாவோ அம்மாவோ கொண்டுவரட்டும்.

உன்னைத் தனியாக விட்டுவிட்டுச் சாப்பிடப் போனது என் தவறு. பள்ளிப் பிள்ளை கையில் சோதனை மருந்தை விடக் கூடாது என்பது விதி. நிறம் பிரிக்கும் உன் கண்ணில் மயங்கி அதை மீறினேன். அதற்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

இதற்கு மேல் எழுத என்னிடம் எதுவும் இல்லை.

மு. பாண்டிச்செல்வி


செல்லூர்
17.7.2025, வியாழன்

அக்காவுக்கு,

எழுதக் கூடாது என்று தெரிந்தும் எழுதுகிறேன். திங்கள்கிழமை நீங்கள் லேபுக்கு வருவதற்கு முன்னால் நடந்தது உங்களுக்குத் தெரியாது. அதற்காக மட்டும்.

உங்கள் தாள் வந்த அன்றே அம்மாவிடம் சொன்னேன். அம்மா அடிப்பார் என்று நினைத்தேன். முழுவதையும் கேட்டுவிட்டு, "எத்தனை எலி?" என்றார். நாலு என்றேன். மறுநாள் டாக்டர் தாளைப் படித்தார், உங்களுக்குப் போன் செய்தார், அது உங்களுக்கே தெரியும். ஈரல் கெட்டது அவர்கள் கொடுத்த ஊசியால் இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது, சொன்னவரை நல்லது என்றார். அளவைக் குறைத்து எட்டாம் தேதி ஊசி போட்டுவிட்டார்கள்.

பொட்டலத்தைக் கொடுக்க அப்பா வருவதாக இருந்தது. அம்மாதான், "நான் போறேன்" என்று என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். வேர்வையில் அரிக்கிறது என்று விக்கை வீட்டிலேயே வைத்துவிட்டார். தலையில் முந்தானை மட்டும். சிம்மக்கல்லில் பஸ் மாறும்போது எங்கள் தெருக்காரர் ஒருவர் பார்த்தார். அம்மா அவரிடம் நின்று பேசினார்.

விஜய்ஆனந்த் சார் முதலில் என்னைத்தான் திட்டினார். திருட்டு என்றார், நான்கு உயிர் என்றார். அவர் முடித்த பிறகு அம்மா சொன்னார்:

"எனக்குப் புத்துநோய் சார், மார்ல. ஆறு மாசமா இத நான் வாய் விட்டுச் சொன்னதில்ல. இவளையும் சொல்ல விடல. அந்தப் பேரச் சொல்லாம இந்தப் பிள்ளை யாருகிட்டப் போயி மருந்து கேக்கும்? அதான் எடுத்துருச்சு. எடுத்தது தப்பு. தண்டனை என்னமோ அதக் குடுங்க. ஆனா செல்விப் பொண்ணோட மருந்த விசம்னு எழுதிராதீங்க."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள். அம்மாவுக்கு நாற்காலி போட்டீர்கள், தண்ணீர் கொடுத்தீர்கள். நான் கதவோரம் நின்றிருந்தேன். நீங்கள் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பாதது சரிதான் அக்கா. திரும்பியிருந்தால் எங்கே பார்ப்பது என்று எனக்குத் தெரிந்திருக்காது.

அப்பா பரமக்குடிக்கு அவரே போன் செய்து நோயைச் சொல்லிவிட்டார். கலந்து பேசிச் சொல்கிறோம் என்றார்களாம். நான்கு நாளாகிறது. அஸ்வினி என்னிடம் பேசுவதில்லை.

ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் அறிக்கையில் ஏன் அந்தப் பத்து நாள் கணக்கு கெட்டது என்று எழுதுவீர்கள். அங்கே என் பெயரைப் போடுங்கள். உங்கள் பெயரைப் போட்டுவிடாதீர்கள். பள்ளிக்குத் தெரியட்டும், பரவாயில்லை. நீங்கள் எனக்காக அதையும் சுமந்துகொண்டால் நான் எப்படித் தலை நிமிர்வது?

இரா. ஸ்ரீலட்சுமி


நாகமலை புதுக்கோட்டை
2.8.2025

மதிப்பிற்குரிய சூடாமணி அம்மாவுக்கு,

வணக்கம். உடம்பு எப்படி இருக்கிறது? ஊசி போட்ட பிறகு வாந்தி குறைந்ததா?

குழு ஆறு மாத அவகாசம் கொடுத்திருக்கிறது. நீங்கள் கொண்டுவந்த சாயத்தைச் சோதித்தோம். எலிகள் செத்ததற்கு அதுவே போதும். என் மருந்து நஞ்சு என்று எழுதியதை அடித்துவிட்டேன். அது நல்ல மருந்து என்றும் இன்னும் எழுதவில்லை. அதற்கு அடுத்த வாரம் புது எலிகள் வருகின்றன. முதலிலிருந்து தொடங்க வேண்டும். என் மேற்பார்வையில் நேர்ந்த தவறு என்று அறிக்கையில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உங்கள் மகள் பெயர் எங்கும் இல்லை, நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

அன்று கிளம்பும்போது, இது மனிதருக்கு எப்போது வரும் என்று கேட்டீர்கள். நான் பேச்சை மாற்றிவிட்டேன். பத்து வருஷம் ஆகலாம். வராமலேயும் போகலாம். உங்களுக்கு உதவாது அம்மா. அதனால் டாக்டர் சொல்கிற ஊசி ஒன்றையும் விடாதீர்கள். பல்கலைக்கழகம் பக்கம் வந்தால் லேபுக்கு வாருங்கள், நீங்கள் மட்டும்.

ஸ்ரீலட்சுமி போட்ட கடிதம் வந்து பத்து நாளுக்கு மேல் ஆகிறது. பதில் எதிர்பார்த்துக்கொண்டிருப்பாள், அவளிடம் சொல்லிவிடுங்கள். நான் அதை இன்னும் பிரிக்கவில்லை. கிழிக்கவும் இல்லை.

இப்படிக்கு,
மு. பாண்டிச்செல்வி